ஓவியக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எதை வரைவது?

கரிக்கோல்

அனைவருக்கும் வணக்கம். நான் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவன். ஓவியத்தை முறையாகப் பயின்றவன் அல்லன். பள்ளிக்காலத்தோடு விட்டுப்போன வரையும் பழக்கத்தை மீண்டும் தொடங்கலாம் என்று எண்ணி, ஏ5 அளவில், 150 ஜிஎஸ்எம் தாள் கொண்ட, தையல் பைண்டிங் செய்த கெட்டி அட்டை நோட்டு ஒன்றை வாங்கினேன். தாள் மிகவும் நன்றாக இருக்கிறது. சிக்கலே அதில்தான் தொடங்குகிறது. அலுவலகத்தில் பழைய வவுச்சரின் பின்புறத்தில் மரம், மாடு, மேலாளரின் மூக்கு என்று யோசனையே இல்லாமல் கிறுக்குகிற அதே கை, இந்த நோட்டைத் திறந்ததும் நின்றுவிடுகிறது.

என் கேள்விகள் இவை. முதல் பக்கத்தில் எதை வரைவது? வரைந்தது பிடிக்கவில்லையென்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா? பென்சிலில் தொடங்குவதா, அழிக்க முடியாத பேனாவிலா? ஊக்கமூட்டும் பொன்மொழிகளை ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டேன். நீங்கள் உங்கள் நோட்டில் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தூரிகைத்துளி

முதல் தாளை அப்படியே விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நான் எல்லா நோட்டுகளிலும் அப்படித்தான் செய்கிறேன். நோட்டு முடிந்த பிறகு முதல் பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுதி, உள்ளே இருப்பதில் எனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சிறிதாக மீண்டும் வரைந்துவிடுவேன்.

மைக்கூடு

தூரிகைத்துளி சொல்லும் வழி பலருக்குப் பயன்பட்டிருக்கலாம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் தொடங்கினால் மூன்றாம் பக்கமே முதல் பக்கமாகிவிடும், அச்சமும் இரண்டு பக்கம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும் என்பதே என் ஐயம். நான் முதல் பக்கத்தைச் சோதனைப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் புதுக் கணக்குப் புத்தகமோ மளிகைப் பட்டியலோ, எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சிறு சுழி விழுந்தவுடன் தாள் வெற்றுத்தாளாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பேனாக் கடைக்காரர்கூட நிப்பைச் சோதிக்கச் சொல்லும்போது நம் கை தானாக அதைத்தான் எழுதுகிறது.

ஆகவே முதல் பக்கத்தில் உங்களிடம் இருக்கும் பென்சில், பேனா, வண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொரு கோடாகவும் சிறு கட்டமாகவும் இட்டு, பக்கத்தில் அதனதன் பெயரை எழுதிவையுங்கள். எச்பி என்ற வழக்கமான பென்சில் எவ்வளவு வெளிறித் தெரிகிறது, 4பி என்ற மென்மையான பென்சில் எவ்வளவு கறுக்கிறது, ஊற்றுப்பேனா மை தாளில் பரவுகிறதா, பின்பக்கம் ஊறித் தெரிகிறதா, மேலே ஈரத் தூரிகை பட்டால் கரைகிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும். அதை யாரும் ஓவியம் என்று மதிப்பிட மாட்டார்கள்; ஆனால் நோட்டு முடியும் வரை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

பழைய வாத்தியார்

கரிக்கோல் தம்பிக்கு, நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் தயக்கத்தை வகுப்பில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்; அது பிறவிக் குணம் அன்று, நாங்களே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். நம் பள்ளிக்கூடங்களில் இரண்டு வகை நோட்டுகள் உண்டு. ஒன்று ரெக்கார்டு நோட்டு: இடப்பக்கம் கோடில்லாத வெள்ளைத்தாள், அதில் தவளையின் செரிமான மண்டலத்தையும் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டையும் பென்சிலால் அடித்தல் இல்லாமல் வரைய வேண்டும், பாகங்களுக்கு அடிக்கோல் வைத்துக் கோடிழுத்துப் பெயர் எழுத வேண்டும், ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடுவார்கள். மற்றொன்று ரஃப் நோட்டு: கணக்கு, வீட்டுப்பாடக் குறிப்பு, பின்பக்கத்தில் நடிகர் படம், நண்பனோடு ஆடிய பூஜ்ஜியம் பெருக்கல் ஆட்டம், எல்லாம் அதில் கிடக்கும், யாரும் திருத்துவதில்லை. ஓவியக் குறிப்பேடு என்பது ரஃப் நோட்டு வகையைச் சேர்ந்தது. கெட்டி அட்டையையும் வெள்ளைத் தாளையும் பார்த்ததும் நம் கை அதை ரெக்கார்டு நோட்டு என்று எடுத்துக்கொண்டு, வராத ஆசிரியரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

பத்திரிகை ஓவியங்களும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். சில்பி விகடனில் வரைந்த கோயில் சிற்பங்களையும், கோபுலுவின் சித்திரங்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அவற்றின் முடிந்த வடிவம் மட்டுமே எங்கள் கைக்கு வந்தது. அந்தக் கோடுகளுக்கு முன்னால் எத்தனை தாள் வீணாகியிருக்கும் என்பதைப் பத்திரிகை அச்சிடவில்லை. அச்சிட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஆகவே, ஓவியம் என்றாலே முடிந்துபோன ஒன்று என்ற எண்ணம் எங்களுக்குள் படிந்துவிட்டது.

முதல் பக்கம் குறித்து ஒரு பெரிய கை என்ன செய்தது என்று பாருங்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அரண்டெல் தொகுப்பு என்று அதைச் சொல்வார்கள். அதன் தொடக்கத்தில், 1508 மார்ச் 22 அன்று புளோரன்ஸ் நகரில் மார்தெல்லி என்பவர் வீட்டில் இதைத் தொடங்கியதாகக் குறித்துவிட்டு, இது பல தாள்களிலிருந்து படியெடுத்த ஒழுங்கற்ற தொகுப்பாக இருக்கும், பின்னால் பொருள்வாரியாக ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று நம்புகிறேன், முடிப்பதற்குள் சொன்னதையே பலமுறை சொல்ல நேரும், அதற்காக என்னைக் குறை சொல்ல வேண்டாம் என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். தேதி, இடம், ஒழுங்கு இருக்காது என்ற முன்னறிவிப்பு: முதல் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்களும் இன்றைய தேதியையும் ஊரையும் எழுதி, இதில் என்னவெல்லாம் கலந்து கிடக்கப்போகிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

பென்சிலா பேனாவா என்ற கேள்விக்கு: எது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதோ அது. ஆனால் பென்சில் என்றால் ரப்பரை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தவறான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட வேண்டும். தவறான கோடு தெரிந்துகொண்டிருந்தால்தான் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். அதை அழித்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் அதே தவறான இடத்தில்தான் கோடு விழும்.

புள்ளிக்கோலம்

இந்த இழையைப் படித்தபோது, எங்கள் வீடுகளில் தலைமுறையாக இருந்துவரும் ஓவியக் குறிப்பேட்டை யாரும் அப்படிக் கருதுவதில்லையே என்று தோன்றியது. நான் கோல நோட்டைச் சொல்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகள் முடிக்காமல் விட்ட கட்டம் போட்ட கணக்கு நோட்டுதான் கோல நோட்டாகும். அதில் மார்கழிக்கென்று பக்கத்து வீட்டிலிருந்து எடுத்த கோலம், வார இதழிலிருந்து பார்த்துப் போட்டது, கோயில் பிராகாரத்தில் பார்த்து நினைவிலிருந்து வரைந்து பாதியில் நின்றது என்று எல்லாமே இருக்கும். ஓரத்தில் "ஊடுபுள்ளி 15, 8 வரை" என்றோ "நேர்ப்புள்ளி 15, 1 வரை" என்றோ குறிப்பு இருக்கும்; நடுவே பால் கணக்கும் இருக்கும். வரிசை மாறியிருந்தாலும் கோலம் பிசகியிருந்தாலும் யாரும் அந்த நோட்டைக் கிழித்ததை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அது காட்டுவதற்கான பொருள் அன்று. காலையில் வாசலில் போடப்போவதற்கான தயாரிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புள்ளிக் கோலம் போடுபவருக்கு வெற்றுத்தாள் என்ற நிலையே வருவதில்லை. முதலில் புள்ளி வைக்கிறோம். புள்ளி வைப்பதற்குக் கற்பனை தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். புள்ளிகள் விழுந்து முடிந்ததும் தாளில் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பதை அதுவே பாதி சொல்லிவிடுகிறது. ஆகவே கரிக்கோல் அவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வரைவதற்கு முன் சிந்தனை தேவைப்படாத ஏதாவது ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது வரையும் நோட்டில், பக்கத்தை அடிக்கோல் இல்லாமல் ஆறு கட்டங்களாகப் பிரித்துவிடுகிறேன். தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் ஒரு கத்தரிக்காய் சரியாக வராவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. பக்கத்துக் கட்டம் காத்திருக்கிறது.

தாள்பித்தன்

கிழிப்பது பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இதில் உணர்ச்சிக்கு முன்னால் பைண்டிங் விஷயம் ஒன்று இருக்கிறது. தையல் பைண்டிங்கில் தாள்களை இரண்டாக மடித்து, சில தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பின் வழியாக நூல் ஓட்டித் தைப்பார்கள். அதாவது, நீங்கள் ஒரு தாள் என்று நினைப்பது உண்மையில் ஒரு முழுத்தாளின் பாதி. அதன் மறுபாதி அதே கட்டில் சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. இந்தப் பாதியை அடியோடு கிழித்தால் மறுபாதிக்குப் பிடிப்புப் போய்விடும். சில நாளில் அதுவும் கையோடு வந்துவிடும். பிடிக்காத கத்தரிக்காயைக் கிழிக்கப் போய் பிடித்த மாமரத்தை இழப்பீர்கள். கட்டாயம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மடிப்பிலிருந்து ஒரு விரற்கடை விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். ஸ்பைரல் நோட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கிழிப்பது அவ்வளவு எளிதாக இருப்பதாலேயே ஸ்பைரல் நோட்டுகள் பாதியாக மெலிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். நகல் எடுக்கும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 முதல் 80 வரை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். பென்சிலுக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கும் இதுவே தாராளம். ஊற்றுப்பேனா என்றால் 100க்கு மேல் நல்லது. நீர்வண்ணத்தை முறையாகத் தீட்டுவதற்கு 300 வேண்டும். ஆனால் எடை மட்டும் போதாது. மை பரவாமல் இருப்பதற்குத் தாளில் பசை ஏற்றியிருக்க வேண்டும். பசை குறைந்த தாள் கனமாக இருந்தாலும் மையை உறிஞ்சிக் கோட்டை மயிர்க்கால் போலப் பரப்பிவிடும். உங்கள் 150 ஜிஎஸ்எம் நோட்டு, பென்சிலுக்கும் பேனாவுக்கும் லேசான வண்ணப் பூச்சுக்கும் ஏற்றது.

விலை உயர்ந்த நோட்டு அச்சுறுத்துகிறது என்றால், அதற்குப் பக்கத்திலேயே மலிவான நோட்டு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். மட்டமான தாளில் கோடு பரவுவதைப் பார்த்துவிட்டுத் தமக்கு வரைய வரவில்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய், திருமண அழைப்பிதழ்க் கடைகளுக்கு நடுவே இருக்கும் தாள் கடைகளில் உங்களுக்குப் பிடித்த தாளைப் பெரிய தாளாக வாங்கி, வெட்டி, மடித்து, நீங்களே தைத்துக்கொள்ளலாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பிரிவில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் தாள்களும் நன்றாக இருக்கும், சற்றுச் சொரசொரப்பானவை. தன் கையால் தைத்த நோட்டு கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஏற்கெனவே கோணலாக இருக்கும் ஒன்றைக் கெடுத்துவிடுவோமோ என்று யாரும் அஞ்சுவதில்லை.

வெண்மைதான் கூச வைக்கிறது என்றால் பழுப்பு நிற கிராஃப்ட் தாள் நோட்டை முயன்று பாருங்கள். இடைநிறம் தாளிலேயே இருப்பதால் கறுப்பால் நிழலும் வெள்ளைப் பென்சிலால் ஒளியும் இட்டால் பொருள் சட்டென்று எழுந்து நிற்கும். ஐரோப்பாவில் பழைய ஓவியர்கள் நிறம் ஏற்றிய தாளில் வரைந்ததற்கு இதுவே காரணம்.

கரிக்கோல்

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. தாளைக் கிழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மைக்கூடு சொன்ன சோதனைப் பக்கமும், வாத்தியார் ஐயா சொன்ன தேதியும் முதல் பக்கத்தில் ஏறிவிட்டன. ஆனால் "எதை" என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. கற்பனையாக எதுவும் தோன்றுவதில்லை. வரைய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, வரைவதற்குரிய பொருள் இல்லை.

பழைய வாத்தியார்

தம்பி, உங்கள் மேசை மீது என்ன இருக்கிறதோ அதுதான் பொருள். கற்பனை பிறகு வரும், வராவிட்டாலும் குற்றமில்லை. காலையில் காபி குடித்த டம்ளரையும் டவராவையும் எடுத்து வையுங்கள். நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கொடுத்த பாடம் இதுதான், ஏனென்றால் இது எளிதாகத் தோன்றினாலும் கண்ணைப் பழக்குவதற்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது.

டம்ளரின் வாய் வட்டம்தான். ஆனால் அது நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிவதில்லை. டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் வாய் வெறும் கோடாகத் தெரியும். அங்கிருந்து கீழே இறக்க இறக்க அந்தக் கோடு மெல்லத் திறந்து நீள்வட்டமாகும். அடிப்பகுதி வாயைவிடக் கீழே இருக்கிறது. ஆகவே அடிவட்டத்தின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் வரைபவர்கள் அநேகமாக எல்லாரும் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியை நேர்கோடாக முடித்துவிடுவார்கள். டம்ளர் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள், பார்ப்பதை வரையவில்லை. நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களும் மீனின் வாலைப் போலக் கூர்மையாக முடியவும் கூடாது. அங்கேயும் கோடு வளைந்துதான் திரும்புகிறது. டம்ளரை டவராவுக்குள் வைத்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல நீள்வட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் மேலே இருப்பதைவிடச் சற்று அதிகமாகத் திறந்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

எவர்சில்வரில் தெரியும் பிரதிபலிப்புகளை முதல் முறை விட்டுவிடுங்கள். ஜன்னல், உங்கள் கை, நோட்டு எல்லாம் நீண்டும் நெளிந்தும் அதில் தெரியும். அவற்றுக்குள் நுழைந்தால் வடிவம் கைவிட்டுப்போகும். புறக்கோடு சரியாக வந்த பிறகு, மிகக் கறுப்பாகத் தெரியும் பட்டைகளை மட்டும் இட்டுப் பாருங்கள், உலோகம் என்று தெரிந்துவிடும். வரைந்து முடித்ததும் டம்ளரைப் படுக்க வைத்து மறுபடியும் வரையுங்கள். அதே டம்ளர்தான், ஆனால் வேறு படம். பொருள் இல்லை என்று சொல்ல முடியாத நிலை வந்துவிடும்.

அடித்தல் திருத்தல்

ஓவியம் எனக்குத் தெரியாது, இலக்கியம் படிப்பவன். ஆயினும் இந்த உரையாடலுக்குப் பொருந்தும் ஒரு செய்தி இருக்கிறது. இரவீந்திரநாத் தாகூர் ஓவியராகத் தொடங்கியது வெற்றுத்தாளில் அன்று. கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. அடித்தல்களை ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து, பறவையாகவும் விலங்காகவும் முகமூடி போன்ற முகங்களாகவும் வளர்த்தார். 1924இல் அர்ஜென்டினாவில் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்த பூரவி கவிதைகளின் கையெழுத்துப் படி இப்படிப்பட்ட உருவங்களால் நிறைந்திருந்தது. ஒகாம்போ அவற்றைக் கண்டு வியந்தார். 1930இல் பாரிசில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 69ஐ ஒட்டி இருந்தது. பின்னர் அவர் விட்டுச்சென்ற ஓவியங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

அவர் தவறிய கோட்டை மறைக்க முயன்றபோதே ஓவியராகிவிட்டார் என்று சொல்லலாம். கரிக்கோல் அவர்கள் வவுச்சரின் பின்புறத்தில் தயங்காமல் கிறுக்குவதும் இதனால்தானோ என்று நினைக்கிறேன்; அங்கே ஏற்கெனவே எண்களும் கையெழுத்தும் இருக்கின்றன. ஆகவே நோட்டின் பக்கத்தில் முதலில் ஏதாவது எழுதுங்கள். அன்றைய வெயில், பேருந்தில் கேட்ட ஒரு வாக்கியம், வாங்க வேண்டிய காய்கறி, எதுவானாலும் சரி. எழுத்துக்குப் பக்கத்தில் வரைவது வெறும் தாளில் வரைவதைவிட எளிது.

கோடும் கூலியும்

நான் விளம்பரத் துறையில் படம் வரைந்து பிழைப்பவன். மேலே சொன்ன பலவற்றையும் ஏற்கிறேன். ஆனால் ரஃப் நோட்டு என்ற வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாவற்றையும் ரஃப் என்று சொல்லிக்கொண்டால் எதையும் முடிக்க வேண்டிய பொறுப்பு இல்லாமல் போய்விடும். பாதி முகம், பாதி நாற்காலி, பாதி மரம் என்று நோட்டு முழுவதும் தொடக்கங்களாகவே நிறைந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வெற்றுத்தாள் அச்சம் இல்லை. படத்தின் நடுவில், எங்கே நிழல் விழ வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில்தான் அச்சம். உடனே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

தொழிலில் எங்களுக்குக் கை நடுங்கினால் அதற்கு ஒரே பொருள்தான்: இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. அதற்காகத்தான் பெரிய தாளைத் தொடுவதற்கு முன் சிறு சிறு கட்டங்களில் முன்வரைவு போடுகிறோம். புள்ளிக்கோலம் அம்மா சொன்ன ஆறு கட்டங்களும் இதுவும் ஒன்றே. ஆனால் நாங்கள் ஆறிலும் வேறு வேறு பொருளை வரைவதில்லை. ஒரே காட்சியை ஆறு விதமாக வெட்டிப் பார்ப்போம்: டம்ளர் இடப்பக்கம், டம்ளர் மிக நெருக்கத்தில், டம்ளர் சிறிதாகவும் மேசை பெரிதாகவும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் முழுவதும் வரைவோம். பெரிய பக்கத்துக்கு வரும்போது அது வெற்றுப் பக்கமாக இருந்தாலும் மனத்தில் படம் வந்துவிட்டிருக்கும்.

பழைய வாத்தியார்

கோடும் கூலியும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் வகுப்பிலும் அப்படிப்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். ஆனால் இவருடைய நோட்டு இன்னும் தொடங்கவே இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். முடிக்காமல் விடும் நோய் வருவதற்கு முதலில் நிறையத் தொடங்கியிருக்க வேண்டும். இடப்பக்கம் கிறுக்கலுக்கும் முன்வரைவுக்கும், வலப்பக்கம் அதிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு படத்துக்கும் என்று ஒதுக்கிக்கொண்டால் இருவர் சொல்வதற்கும் இடம் கிடைக்கும். வலப்பக்கம் சில வேளை காலியாகவே இருந்துவிட்டாலும் பாதகமில்லை.

வடமராட்சியான்

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறேன். இங்கு எனக்கு வரைவதற்குக் கிடைக்கும் நேரம் வேலைக்குப் போய்வரும் பயணம் மட்டுமே. அதனால் என் கொப்பி சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் இருக்கிறது, வரைவது பால்பாயிண்ட் பேனாவில். பயணிகளை வரையும்போது வெற்றுத்தாளைப் பற்றிக் கவலைப்பட அவகாசமே இராது. எதிரில் இருப்பவர் எந்தத் தரிப்பில் இறங்குவார் என்று தெரியாது. தோளின் சரிவு, தலை கவிழ்ந்திருக்கும் கோணம், மடியில் இருக்கும் பையின் கனம் ஆகிய மூன்றையும் முதலில் பிடித்துவிட்டால், அவர் எழுந்து போனாலும் அது ஒரு மனிதராகத் தெரியும். மூக்கையும் கண்ணையும் முதலில் வரையத் தொடங்கினால் மூக்கும் கண்ணும் மட்டுமே மிஞ்சும். உறங்கிக்கொண்டிருப்பவர்கள் மிக நல்ல மாதிரிகள். குளிர்காலத்தில் கனத்த மேலங்கி அணிந்திருப்பதால் உடற்கூறு தெரியாதவனுக்கும் வரைவது இலகு.

சிறிய கொப்பியை யாரும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1813, 1814 ஆண்டுகளில் தம் ஊரைச் சுற்றி வரைந்த பென்சில் குறிப்பேடுகள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உள்ளங்கையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான். பெரிய ஓவியங்களுக்கு வேண்டியவற்றை அவர் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். அவர் காலத்தவரான டர்னரோ ஏறத்தாழ 300 குறிப்பேடுகளை விட்டுச்சென்றார். இன்று அவை டேட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தனை கொப்பிகளுக்கும் ஒரு முதற்பக்கம் இருந்திருக்கும் அல்லவா.

தூரிகைத்துளி

மாதப் போட்டிகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு மை ஓவியம் என்று 2009இல் ஜேக் பார்க்கர் தொடங்கிவைத்த இன்க்டோபரில் கலந்துகொண்டால், அன்றன்றைக்கு வரைய வேண்டிய பொருளையும் அவர்களே ஒரு சொல்லாகக் கொடுத்துவிடுவார்கள். கரிக்கோலுக்கு "எதை" என்பதுதானே சிக்கல்?

மைக்கூடு

அந்தப் பட்டியலை நான் எதிர்க்கவில்லை, பட்டியலோடு சேர்ந்து வருகிற வெளியீட்டைத்தான் எதிர்க்கிறேன். நாள்தோறும் வரைந்து நாள்தோறும் பொதுவில் போட வேண்டும் என்றால், ரஃப் நோட்டு மறுபடியும் ரெக்கார்டு நோட்டாகிவிடுகிறது. கையெழுத்துப் போடும் ஆசிரியருக்குப் பதிலாக விருப்பக்குறி இடும் நூறு பேர். ஒரு நாள் தவறினால் விட்டதைப் பிடிக்க மறுநாள் இரண்டு, பிறகு மூன்று என்று சேர்ந்து, கடைசியில் நோட்டையே தொடப் பிடிக்காமல் போவதுதான் நடக்கிறது. நம்மவர்கள் இதற்கென்றே ஆரம்ப சூரத்தனம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். கரிக்கோல் முதல் நோட்டு முடியும் வரை படம் எதையும் வெளியே காட்டாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டில் யாராவது எடுத்துப் பார்த்தால் பார்க்கட்டும், "இது யார், நானா?" என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம்.

புள்ளிக்கோலம்

மைக்கூடு சொல்வதோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. மார்கழியில் வாசலில் போடுவதைத் தெருவே பார்க்கிறது. அதனால் கை பதறியதில்லை, திருந்தியிருக்கிறது. காட்டுவதில் தவறில்லை, எதைக் காட்டுகிறோம் என்பதில்தான் தெளிவு வேண்டும். நோட்டு வீட்டுக்குள், கோலம் வாசலில். வலப்பக்கப் படம் ஒன்று நன்றாக அமைந்தால் அதை மட்டும் கரிக்கோல் இங்கே பகிரட்டும்.

கரிக்கோல்

டம்ளரும் டவராவும் ஐந்து பக்கங்களைப் பிடித்துக்கொண்டன. நீள்வட்டத்தின் ஓரங்கள் இன்னும் கூர்மையாகவே முடிகின்றன; ஆனால் அடிவட்டம் ஏன் கூடுதலாக வளைய வேண்டும் என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் தெரிகிறது, அலுவலகக் கூட்டத்தில்கூட. இடப்பக்கத்தில் ஆறு கட்டம், ஓரத்தில் ஏதாவது இரண்டு வரி என்ற முறை எனக்குப் பொருந்தி வருகிறது. வவுச்சர்களின் பின்புறத்தில் வரைந்தவற்றில் சிலவற்றை வெட்டி ஒட்டியும் விட்டேன். மேலாளரின் மூக்கு நான்காம் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே நோட்டை அலுவலகத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது.

புதிய சிக்கல் ஒன்று. 4பி பென்சிலில் வரைந்த பக்கங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, இரண்டும் சாம்பல் பூத்துவிடுகின்றன. பென்சில் தூள் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் தெளிப்பான் வாங்க வேண்டுமா? முடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே போதும் என்று ஒருவர் சொன்னார்.

தாள்பித்தன்

முடிக்குத் தெளிப்பதை முடிக்கே விட்டுவிடுங்கள். அது நாளடைவில் தாளை மஞ்சளாக்கும். ஓவியத்துக்கென்றே விற்கும் ஃபிக்சேட்டிவ் நல்லதுதான், ஆனால் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, ஓரடி தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக இரண்டு முறை தெளிக்க வேண்டும். ஒரேயடியாகத் தெளித்தால் தாள் நனைந்து கறை விழும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைச் செய்துகொண்டிருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. பக்கம் கறைபடுவதற்கு முக்கியக் காரணம், பையில் ஆடும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று தேய்வதுதான். நோட்டைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டுத் தாள்கள் நகராமல் இறுக்கிவிட்டாலே பெருமளவு குறைந்துவிடும். அதோடு, 4பியை மிகக் கறுத்த நிழலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எச்பியிலோ 2பியிலோ வரையுங்கள். நன்றாக அமைந்த பக்கங்களுக்கு இடையே மட்டும் பட்டர் பேப்பரை வெட்டி வையுங்கள். ஸ்டேஷனரி கடையில் தனித்தாளாகவே தருவார்கள்.